பதற்றத்தோடு பால்கன் ரயிலில் தனியாக: ஒரே பாதையைத் துண்டு துண்டாகக் கடப்பது எப்படி

தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ரயில் தாமதமாகும். ஆளில்லாத மலைச்சரிவில் காரணம் சொல்லாமல் நிற்கும். நீண்ட சுரங்கத்துக்குள் பெட்டி விளக்கு எரியாமல் போகும். எல்லையில் சீருடை போட்ட ஒருவர் உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த நான்கில் எதுவும் பேனிக் அட்டாக்கைக் கிளப்பிவிடலாம். ஆனால் நான்குக்கும் காரணம் உண்டு, ஏறக்குறைய இவ்வளவு நேரம் என்ற கணக்கும் உண்டு. அது முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பயம் வண்டியில் ஏறும்போதே கழிந்துவிடும். மீதிப் பாதியைச் சிறிய பயணங்களில் பழக்கித்தான் குறைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காக எழுதப்பட்டது.

எடுத்துக்கொண்டிருப்பது பெல்கிரேட்–பார் பாதை. பெல்கிரேட் செர்பியாவின் தலைநகர். பார் என்பது மாண்டிநீக்ரோவின் ஏட்ரியாட்டிக் கடற்கரைத் துறைமுக ஊர். 476 கிலோமீட்டர், 254 சுரங்கங்கள், 435 பாலங்கள். 1976-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் முழுப் பயணத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பலர் பெல்கிரேடில் இறங்கி, மறுநாளே முழுத் தூரத்துக்கும் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பதற்றம் உள்ளவர்களுக்கு அது சரியான தொடக்கம் அல்ல. தெற்கு முனையிலிருந்து தொடங்குங்கள். அங்கே இதே தண்டவாளத்தில் உள்ளூர் வண்டிகள் ஓடுகின்றன. சுரங்கத்தையும் பாலத்தையும் ஏற்றத்தையும் ஒரு மணி நேரத் துண்டுகளாகப் பழகலாம்.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பு: மருத்துவர், மாத்திரை, தாள்கள்

முதல் வேலை, உங்களைப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் பயணத் திட்டத்தைச் சொல்வது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற அன்றாட மாத்திரை எடுப்பவர்கள் பயணத்துக்காக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வரும் தலைசுற்றலும் படபடப்பும் பேனிக் போலவே இருக்கும். எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியாது. மாத்திரையை மாற்றுவதானால் கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பாவது மாற்றுங்கள். இந்த வகை மருந்துகள் முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரங்களில் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு.

அவசரத்துக்கு மட்டும் போடும் எஸ்ஓஎஸ் மாத்திரை, அதாவது குளோனாசெபம், லோராசெபம் போன்றவை இருந்தால், அதைப் பயணத்தில் முதல்முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள். தூக்கம் எவ்வளவு வருகிறது, எழுந்து நடக்க முடிகிறதா என்பதை வீட்டிலேயே, மருத்துவர் சொன்னபடி தெரிந்துகொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாஸ்போர்ட் வரிசையில் நிற்க வேண்டிய வண்டிகளும் இப்பகுதியில் உண்டு. இந்த மாத்திரையோடு மது சேரவே கூடாது, மூச்சையே தாழ்த்திவிடும். பெட்டியில் எதிரே இருப்பவர் அன்போடு ரக்கியா என்ற பழச்சாராயம் நீட்டுவார். கையை நெஞ்சில் வைத்து, “ஹ்வாலா, நே” என்றால் போதும். “நன்றி, வேண்டாம்” என்று பொருள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பயண நாட்களுக்கான மாத்திரையும் கூடுதலாக ஏழு நாளுக்கானதும், மருந்துக்கடை அட்டையிலேயே. டப்பாவில் கொட்டி எடுத்துப் போகக் கூடாது. மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், மருந்தின் வேதிப்பெயர், மில்லிகிராம், நாளொன்றுக்கு எத்தனை, மொத்தம் எத்தனை என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். இந்திய வணிகப் பெயர் அங்கே எந்த மருந்துக்கடைக்காரருக்கும் புரியாது. தூக்க, அமைதி மாத்திரைகளுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. கடந்து போகும் ஒவ்வொரு நாட்டின் தூதரக இணையப் பக்கத்திலும் பாருங்கள். மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் வையுங்கள். மாண்டிநீக்ரோ, செர்பியா, போஸ்னியா, குரோஷியா நான்கும் ஒரே நேரம். இந்தியாவைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னே, குளிர்காலத்தில் நாலரை. பல்கேரியா, ருமேனியா, கிரீஸ் அதிலிருந்து ஒரு மணி முன்னே. இந்தியாவில் இரவு ஒன்பதுக்குப் போடும் மாத்திரை கோடையில் பெல்கிரேடில் மாலை ஐந்தரைக்கு வரும். அந்த நேரத்திலேயே தொடர்வதா, அங்கத்திய இரவுக்கு நகர்த்துவதா என்று மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தில் வரும் குழப்பம் பதற்றத்துக்கு நல்ல தீனி. மாண்டிநீக்ரோ, செர்பியா, போஸ்னியா மூன்றும் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இல்லை. செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் செர்பியாவில் 90 நாள் வரையும் மாண்டிநீக்ரோவில் 30 நாள் வரையும் தனி விசா கேட்பதில்லை. விதி மாறக்கூடியது. கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு வெளியுறவுத் துறைப் பக்கத்தைப் பார்த்து அச்செடுத்துக் கையில் வையுங்கள். விமான நிலையக் கவுண்டரில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருப்பது சாதாரணம். வாதாடுவதைவிடத் தாளை நீட்டுவது எளிது. ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவு மட்டுமா, பலமுறையா என்றும் பாருங்கள். குரோஷியா 2023-இலிருந்து ஷெங்கனில் இருக்கிறது. பல்கேரியா, ருமேனியா தரையெல்லைகள் 2025 தொடக்கத்திலிருந்து. ஒருமுறை விசாவில் குரோஷியாவிலிருந்து போஸ்னியாவுக்குள் போனால் திரும்பி வர முடியாது.

மூச்சுப் பயிற்சியை வீட்டில் தொடங்குங்கள்

பேனிக் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாத ஒன்று மூச்சு. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, அமைதியாக இருக்கும்போதே, காலை ஐந்து நிமிடம், இரவு ஐந்து நிமிடம். மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடுவது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. ஆழமாக இழுக்க முயல வேண்டாம். பதற்றத்தில் வேகமாக, அதிகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மதமதப்பு, உதட்டில் ஊசி குத்துவது, தலை லேசாவது எல்லாம் அதனால். மூச்சு போதவில்லை என்று தோன்றும், உண்மையில் மூச்சு கூடிப்போயிருக்கும். இதை அறிந்திருப்பதே சுரங்கத்துக்குள் பெரிய துணை.

முதல் துண்டு: பொட்கொரிட்சா – பார்

பொட்கொரிட்சா மாண்டிநீக்ரோவின் தலைநகர். விமானத்தில் வந்து இறங்கி, குறைந்தது ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு ரயிலைத் தொடுங்கள். தூக்கம் கெட்ட உடம்பில் எடுக்கும் முதல் பயணம் மோசமான பாடம் சொல்லிக்கொடுக்கும்.

ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ரயில் ஒத்துவராவிட்டால் பேருந்து இருக்கிறது என்பதை முந்தைய நாள் மாலையே கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பாருக்கு நாள் முழுதும் பல உள்ளூர் வண்டிகள். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். டிக்கெட் கவுண்டரில், யூரோவில், சில்லறையாக. மாண்டிநீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் புழக்கத்தில் இருப்பது யூரோதான்.

இந்தத் துண்டைப் பயிற்சிக்கு எடுக்கக் காரணம் ஒரே ஒரு சுரங்கம், சோசினா. 6.17 கிலோமீட்டர், முழுப் பாதையிலும் நீளமானது. வண்டி ஸ்காடர் ஏரியின் மேல் கரைபோட்ட பாதையில் போகும். இரண்டு பக்கமும் தண்ணீர், அல்லி இலைகள், எதிரே சுண்ணாம்பு மலை. விர்பசார் என்ற சிறு நிலையம் தாண்டியதும் மலைக்குள் நுழையும். நுழையும் நொடியில் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். சத்தம் இரட்டிக்கும், கண்ணாடியில் உங்கள் முகமே தெரியும், கைபேசியில் சிக்னல் போகும், காதடைப்பது போல இருக்கலாம். ஐந்து முதல் ஏழு நிமிடம். மூச்சுக் கணக்கில் சொன்னால் முப்பது, நாற்பது சுற்று. சுவரில் ஓடும் விளக்குகளை எண்ணலாம். மறுபக்கம் வெளிச்சம் வரும்போது ஏரிக் காற்றும் மலையும் போய்க் கடல் வந்திருக்கும். சுத்தோமோரே நிலையம், கடற்கரை. அங்கே இறங்கிக் கரையில் உட்காரலாம், அல்லது அடுத்து வரும் பாருக்குப் போகலாம்.

வெளியே வந்ததும் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் பயம் பத்துக்கு எவ்வளவு ஏறியது, வெளியே வந்து பத்து நிமிடத்தில் எவ்வளவுக்கு இறங்கியது. அதே நாளிலோ மறுநாளிலோ திரும்பி வாருங்கள். மீண்டும் எழுதுங்கள். முதலில் எட்டு என்றால், அது நான்கு, ஐந்துக்கு வரும் வரை இந்தத் துண்டிலேயே இருங்கள். இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை, பாரில் கடல் இருக்கிறது, விர்பசாரில் ஏரிப் படகு இருக்கிறது. பயம் இறங்குவதற்குள் ஓடிவந்துவிட்டால் “தப்பித்தேன்” என்றுதான் மூளை பதிந்துகொள்ளும். உட்கார்ந்து கடந்தால் மட்டுமே “ஒன்றும் ஆகவில்லை” என்று பதியும்.

இரண்டாவது துண்டு: மலை ஏறுவது

பொட்கொரிட்சாவிலிருந்து வடக்கே கொலாஷின். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின். கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர்கூட இல்லாத நகரத்திலிருந்து, பாதையின் உச்சியான 1,032 மீட்டருக்கு இந்தத் துண்டில் வண்டி ஏறுகிறது. சுரங்கம் வரும், அரை நிமிட வெளிச்சம், மறுபடி சுரங்கம். சோசினா ஒரே நீள இருட்டு; இங்கே வெட்டி வெட்டி வரும் இருட்டு. சிலருக்கு இதுதான் கடினம், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் உடம்பு புதிதாகத் திடுக்கிடும். இதற்கு மூச்சைவிட எண்ணுவது நன்றாக வேலை செய்கிறது. சிறு நோட்டில் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு. கை வேலையில் இருக்கும்போது திடுக்கிடல் சீக்கிரம் அடங்கும்.

இந்தத் துண்டில்தான் மாலா ரியெக்கா பாலம். பள்ளத்தாக்கிலிருந்து 198 மீட்டர் உயரம், 499 மீட்டர் நீளம். பல ஆண்டுகள் உலகின் மிக உயரமான ரயில் பாலமாக இருந்தது. கடக்க ஒரு நிமிடத்துக்கும் குறைவு. உயரப் பயம் உள்ளவர்கள் கீழே பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, எதிர்மலையின் முகட்டைப் பாருங்கள். கண்ணை இறுக மூடுவது மட்டும் வேண்டாம். மூடிய கண்ணுக்குள் பாலம் இன்னும் நீண்டுவிடும்.

இந்தப் பகுதிக்கு வண்டிகள் குறைவு. திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று தெரியாமல் ஏறாதீர்கள். கொலாஷின் நிலையம் ஊருக்கு மேலே இருக்கிறது, ஊருக்குள் நடந்து இறங்கலாம். அங்கே ஓர் இரவு தங்குவது நல்லது, கோடையிலும் மேல்சட்டை வேண்டும்.

மூன்றாவது துண்டு: எல்லை தாண்டிப் பெல்கிரேட் வரை

இப்போது முழுப் பயணம். பகல் வண்டி கோடையில் மட்டும் ஓடுகிறது, இரவு வண்டி ஆண்டு முழுதும். ஐரோப்பிய ரயில் அட்டவணை டிசம்பர் நடுவிலும் ஜூன் நடுவிலும் மாறும். அந்த வாரங்களில் பழைய நேரத்தை நம்பாதீர்கள். முதல்முறைக்குப் பகல் வண்டியைத்தான் பரிந்துரைக்கிறோம். எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிவது பெரிய ஆறுதல். இரவில் போவதானால் படுக்கைப் பெட்டியில் இடம் எடுங்கள். குஷெட் என்பது ஆறு பேர் கூபே, விலை குறைவு. ஸ்லீப்பரில் ஒருவர், இருவர் அல்லது மூவர், உள்ளே கைகழுவும் தொட்டி, கதவில் பூட்டும் கொக்கியும். அடைபட்ட உணர்வு உள்ளவர்கள் கீழ் பெர்த் கேளுங்கள். மேல் பெர்த்தில் கூரை மூக்கருகே இருக்கும், வெப்பமும் அங்கேதான் தேங்கும்.

டிக்கெட்டும் படுக்கை ஒதுக்கீடும் நிலையக் கவுண்டரில் வாங்குவதே நம்பகமான வழி. ஜூலை, ஆகஸ்டில் நான்கைந்து நாள் முன்பே போய்விடுங்கள். யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே ரயில் பாஸ்) வைத்திருப்பவர்களும் இரவு வண்டிக்குப் படுக்கைக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். கவுண்டரில் பேசத் தயங்குபவர்கள் தேதி, வண்டி நேரம், எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், கீழ் பெர்த் என்று தாளில் எழுதி நீட்டலாம். வெளிநாட்டவர் எல்லாரும் செய்வதுதான்.

பெல்கிரேடில் பழைய மைய நிலையம் 2018-இல் மூடப்பட்டது. இப்போது முதன்மை நிலையம் பியோக்ராத் த்செந்தார், மக்கள் பேச்சில் ப்ரோக்கோப். பிளாட்பாரங்கள் பெரிய கான்கிரீட் தளத்துக்கு அடியில் இருக்கின்றன. முதல்முறை வருபவர்களுக்கு வாசல் பிடிபடாது. தொப்சிதெர், செமுன், நோவி பியோக்ராத் எல்லாம் வேறு வேறு நிலையங்கள். பெல்கிரேடிலிருந்து கிளம்புபவர்கள் எந்த நிலையம் என்று டிக்கெட்டில் பார்த்து, முந்தைய நாள் ஒருமுறை போய் வந்துவிடுங்கள்.

உணவுப் பெட்டி இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. இரண்டு லிட்டர் தண்ணீர், பிரெட், பாலாடைக்கட்டி, வாழைப்பழம், பேக்கரியில் காலையில் வாங்கிய புரெக். புரெக் என்பது உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட மாவடுக்குப் பண்டம், பெரும்பாலும் கறி வைத்தது. சைவக்காரர்கள் பாலாடைக்கட்டி வைத்ததை “சா சிரோம்” என்று கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் வரும் நடுக்கத்தையும் பதற்றத்தையும் பிரித்தறிய முடியாது, அதனால் மூன்று மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள். இங்கத்திய காபி சிறு கோப்பையில் வரும், நல்ல கடுப்பு. காலையில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “சாய்” என்றே கேட்கலாம், அந்தச் சொல் அங்கேயும் அதுதான். ஆனால் வருவது பால் தேநீர் அல்ல, மூலிகை வெந்நீர். “காமிலிட்சா” என்றால் சீமைச்சாமந்தி. காஃபீன் இல்லாதது, உங்களுக்கு ஏற்றது. கழிப்பறைத் தாள், கை கழுவும் திரவம், சிறு டார்ச், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும்.

பழைய பெட்டிகளில் ஜன்னல் இறங்கும், நடைவழியில் நின்று காற்று வாங்கலாம். புதிய வண்டிகளில் ஜன்னல் திறக்காது. குளிர்சாதனம் நின்றுவிட்டால் உள்ளே புழுங்கும். ஈரத்துணி ஒன்றை உறையில் போட்டுக் கொண்டுபோனால் கழுத்தில் வைக்க உதவும்.

வண்டி ஏன் நிற்கிறது

நடுவழியில் நிற்கும்போது மனம் தானாகவே விபத்து, தீ, பழுது என்று கதை கட்டும். உண்மையான காரணங்கள் இவை. பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டிக்காகக் கிராசிங்கில் நிற்கும்: பத்து முதல் முப்பது நிமிடம். பழைய தண்டவாளத்தில் வேகக் கட்டுப்பாடு: நிற்பதில்லை, ஊர்ந்து போகும். எஞ்சின் மாற்றுவது: ஒரு பெரிய இடி, பிறகு விளக்கும் குளிர்சாதனமும் அணையும், பதினைந்து இருபது நிமிடத்தில் இன்னொரு இடி, விளக்கு வரும். கோடையில் காட்டுத்தீ, குளிர்காலத்தில் பனி, மழையில் பாறைச் சரிவு என்றால் மணிக்கணக்கில் ஆகும், சில நேரம் பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள்.

ஒலிபெருக்கி அறிவிப்பை எதிர்பார்க்காதீர்கள். ஜன்னல் வழியே பாருங்கள்: பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இருந்தால் அது கிராசிங். கண்டக்டர் பிளாட்பாரத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றால் அவசரம் ஒன்றுமில்லை. பலகையில் “காஸ்னி” என்று இருந்தால் தாமதம், பக்கத்தில் உள்ள எண் நிமிடம். “பொலாசக்” புறப்பாடு, “தொலாசக்” வருகை.

கணக்குக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: அட்டவணை நேரத்தோடு இரண்டு மணி கூட்டி, அதையே உண்மையான வருகை நேரமாக எடுங்கள். தங்குமிடத்துக்கும் வீட்டுக்கும் அந்த நேரத்தையே சொல்லுங்கள். அன்றே விமானமோ கடைசிப் பேருந்தோ பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். வீட்டாரிடம் “ஏறியதும், இறங்கியதும் செய்தி, நடுவில் இல்லை” என்று பேசி வையுங்கள். சுரங்கப் பாதையில் சிக்னல் போய்க்கொண்டே இருக்கும். பதில் வராத ஒவ்வொரு செய்தியும் இரு பக்கமும் பதற்றத்தை ஏற்றும். ஐரோப்பிய ஒன்றியச் சிம் மாண்டிநீக்ரோ, செர்பியா, போஸ்னியாவில் ஒன்றிய விலையில் வேலை செய்யாது, தனி இ-சிம் வேண்டும்.

பாஸ்போர்ட் கைவிட்டுப் போகும் இருபது நிமிடம்

பாரிலிருந்து போகும்போது மாண்டிநீக்ரோவின் எல்லை நிலையம் பியெலோ பொல்யே. வண்டி நிற்கும். காலணிச் சத்தம், கூபே கதவில் தட்டல், விளக்கு. காவலர் முகத்தையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். முத்திரையை அங்கேயே குத்தலாம், அல்லது பாஸ்போர்ட்டை அடுக்கில் வைத்துக்கொண்டு இறங்கிப் போகலாம். தெற்காசியப் பாஸ்போர்ட் என்றால் விசா சரிபார்க்க எடுத்துப் போவதற்கு வாய்ப்பு அதிகம். அது உங்கள்மேல் சந்தேகம் என்று பொருளல்ல, கணினி கட்டடத்துக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். பாஸ்போர்ட் திரும்பி வராமல் வண்டி கிளம்பாது. பின்னால் போகாதீர்கள், வண்டியிலிருந்து இறங்காதீர்கள். இருபது முதல் நாற்பது நிமிடம். பிறகு செர்பியப் பக்கம் அதே முறை மீண்டும் ஒருமுறை.

கேள்விகள் மூன்று, நான்குதான்: எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், ஏதாவது தெரிவிக்க வேண்டியது உண்டா. பதில்களை ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி, தங்குமிட முன்பதிவோடு பாஸ்போர்ட்டுக்குள் செருகி வையுங்கள். நாக்கு குழறினால் தாள் பேசும். ஸ்லீப்பர் பெட்டியில் உதவியாளர் இரவில் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு காலையில் தருவது வழக்கம், பதற வேண்டாம்.

இதற்கு அப்பால், செர்பியாவுக்குள் போன பிறகு, ஷ்த்ர்ப்ட்ஸி என்ற ஊர்ப் பக்கம் பாதை சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் போய்த் திரும்பும். கைபேசி “போஸ்னியாவுக்கு வருக” என்று செய்தி காட்டும். தவறான வண்டியில் ஏறிவிட்டதாக அதைப் பார்த்துக் கலங்குபவர்கள் உண்டு. அங்கே பரிசோதனை ஏதும் இல்லை.

செர்பியாவில் வந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல்துறையில் பதிய வேண்டும். விடுதிகள் தாமே செய்துவிடும். தனியார் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரரிடம் “பேலி கார்த்தோன்”, அதாவது இந்தப் பதிவுச் சீட்டு, செய்தீர்களா என்று முதல் நாளே கேளுங்கள். மாண்டிநீக்ரோவிலும் இதே போன்ற பதிவு உண்டு.

வண்டிக்குள் பேனிக் வந்தால்

இதைச் சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அந்த நேரத்தில் நினைவு வராது.

1. மணி பார்த்து எழுதுங்கள். பேனிக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரை மணிக்குள் தணியும். கடிகாரம் சாட்சி.
2. இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, முதுகை இருக்கையில் சாய்த்து, நான்கு–ஆறு மூச்சு இருபது சுற்று. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்.
3. கண்ணில் படும் ஐந்து பொருள், தொடும் நான்கு, கேட்கும் மூன்று ஒலி, இரண்டு மணம், ஒரு சுவை. புளிப்பு மிட்டாய் ஒன்று வாயில் போடுவது இதற்கு நன்று.
4. அடுத்த நிலையத்தில் இறங்காதீர்கள். மலையில் பல நிலையங்களில் ஆளும் இல்லை, கடையும் இல்லை, அடுத்த வண்டி பல மணி நேரம் கழித்துத்தான். கூபே மூச்சு முட்டினால் நடைவழிக்குப் போங்கள். அது தப்பி ஓடுவது ஆகாது.
5. இருபது நிமிடத்துக்குப் பிறகும் குறையாவிட்டால் மருத்துவர் சொன்ன அளவில் எஸ்ஓஎஸ் மாத்திரை. கண்டக்டரிடம் “நியே மி தோப்ரோ”, எனக்கு உடம்பு சரியில்லை. “வோதா”, தண்ணீர்.

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மயக்கம் வந்தாலும், இதுவரை வராத மாதிரி இருந்தாலும் அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஆம்புலன்ஸ் எண் செர்பியாவில் 194, மாண்டிநீக்ரோவிலும் போஸ்னியாவிலும் 124. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112.

அடுத்து எங்கே

பெல்கிரேடிலிருந்து ஸாக்ரெப்புக்கு 2020-இல் நின்ற நேரடி ரயில் திரும்பவில்லை. சோஃபியாவுக்கும் பேருந்தே எளிது. வரைபடத்தில் தண்டவாளம் தெரிவதால் வண்டி ஓடுகிறது என்று பொருளல்ல.

போஸ்னியாவில் சரயேவோ–மொஸ்தார் இரண்டு மணி நேரம். டால்கோ வண்டி, சுத்தம், இருக்கை வசதி. நாளுக்கு இரண்டு, மூன்று முறைதான். டிக்கெட் போஸ்னிய மார்க்கில், ரொக்கமாக. கொன்யிட்ஸுக்கு மேலே மலையை வளைத்து வளைத்து இறங்கும்போது, நீங்கள் சற்று முன் இருந்த பாதையே தலைக்கு மேலே தெரியும். பிறகு நெரெத்வா ஆறு பச்சையாகக் கூடவே வரும். எல்லை இல்லை, இரவு இல்லை. முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகு மனதை ஆற்றிக்கொள்ள நல்ல வண்டி.

சோஃபியா–இஸ்தான்புல் இரவு வண்டியைக் கடைசிக்கு வையுங்கள். இந்தப் பகுதியிலேயே கடினமான எல்லை அதில்தான். சோஃபியா நிலையத்தில் பலகைகள் சிரிலிக் எழுத்தில் இருக்கும். ஆங்கில எச் போலிருப்பது ‘ந’, சி போலிருப்பது ‘ஸ’, எக்ஸ் போலிருப்பது ‘ஹ’. பிளாட்பாரத்துக்கு ஒரு எண், தண்டவாளத்துக்கு வேறு எண், “பெரோன்” பிளாட்பாரம், “கொலோவோஸ்” தண்டவாளம். பல்கேரியர்கள் “ஆம்” என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், “இல்லை” என்பதற்கு மேலே நிமிர்த்துவார்கள். இது இஸ்தான்புல் வண்டிதானா என்று தலையசைப்பை நம்பிக் கேட்காதீர்கள், “தா” (ஆம்), “நே” (இல்லை) என்ற சொல்லைக் காதில் வாங்குங்கள்.

பின்னிரவு இரண்டு மணி அளவில் துருக்கி எல்லையான காப்பிக்குலேயில் எல்லாரும் பெட்டியோடு இறங்கி, பாஸ்போர்ட் சன்னலில் வரிசையில் நின்று, பைகளை ஸ்கேனரில் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகும். படுக்கும்போதே காலணி, மேல்சட்டை, பாஸ்போர்ட், துருக்கி விசாவின் அச்சு நான்கையும் ஒரே இடத்தில் வைத்து, பத்து நிமிடம் முன்னே அலாரம் வையுங்கள். தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பப்படுவதுதான் பலருக்குப் பேனிக்கைக் கிளப்புகிறது. தானாக எழுந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தட்டலுக்காகக் காத்திருந்தால் அது வெறும் வரிசை. பயணத்துக்கு முன் தூக்கம் வரும் மாத்திரை போட வேண்டாம், போடுவதானால் எல்லை கடந்து மீண்டும் படுத்த பிறகு, மருத்துவர் அனுமதித்திருந்தால் மட்டும். துருக்கி நேரம் குளிர்காலத்தில் பல்கேரியாவைவிட ஒரு மணி முன்னே, கோடையில் ஒன்றேதான்.

வண்டி நிற்பது நகர மையத்தில் அல்ல, மேற்குப் புறநகரான ஹல்கலியில். அங்கிருந்து மர்மராய் மின்ரயிலில் பழைய நகர மையத்திலுள்ள சிர்கேஜிக்கு நேரே போகலாம்.